பச்சை என்றால் ஆபத்து: குண்டுக்குத் தப்பிய தபால்காரரின் கொலை

வானத்தில் சத்தம் கேட்கும்வரை பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். 1944ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் வாழ்ந்தவர்கள் இதைச் சில நாட்களிலேயே பழகிக்கொண்டார்கள். ஜெர்மனி ஏவிய வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டு, பழுதான மோட்டார் சைக்கிளைப் போலப் படபடத்துக்கொண்டு வரும். தலைக்கு மேலே அந்தப் படபடப்பு தொடர்ந்து கேட்டால், குண்டு வேறு யாருக்கோ போகிறது என்று பொருள். சட்டென்று அறுந்துபோனால் பத்துப் பன்னிரண்டு விநாடி அமைதி. அதன் பிறகு சுமார் 850 கிலோ வெடிமருந்து தரையில் மோதும். அந்தச் சில விநாடிகளில் ஒருவரால் மேசைக்கடியில் நுழைய முடியும், வேறொன்றும் முடியாது.

'கிரீன் ஃபார் டேஞ்சர்' படத்தின் கதை அந்த ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. ஜோ ஹிக்கின்ஸ் ஒரு கிழத் தபால்காரர். பகலில் சைக்கிளில் கடிதம் கொடுப்பவர், இரவில் குடிமைப் பாதுகாப்புப் பணிக்குப் போகிறார். அவர் இருந்த இடத்தின்மேல் வி-1 விழுகிறது. இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். உயிருக்கு ஆபத்தான காயம் எதுவும் இல்லை. வழக்கமான ஓர் அறுவை சிகிச்சை போதும். ஆனால் மயக்க மருந்து கொடுக்கத் தொடங்கிய சற்று நேரத்தில், கத்தி உடம்பில் படுவதற்கு முன்பே, மேசையின்மேல் இறந்துபோகிறார். குண்டு விட்டுவைத்தவரைக் காப்பாற்ற வேண்டிய கைகளில் ஒன்று கொன்றுவிட்டது.

இந்தப் படத்தைத் துப்பறியும் கதை ரசிகர்கள் புதிருக்காகவும், இன்ஸ்பெக்டர் காக்ரில்லாக வரும் அலஸ்டேர் சிம்மின் நடிப்புக்காகவும் கொண்டாடுகிறார்கள். இரண்டும் உரிய பாராட்டுகள்தாம். ஆனால் போர் முடிந்த மறு ஆண்டிலேயே, போர்க்காலத்தில் ஊரில் இருந்தவர்களின் மனக்காயத்தை இவ்வளவு நேராகப் பார்த்த ஜனரஞ்சகப் படம் பிரிட்டனில் வேறு இல்லை என்பது என் கணிப்பு. கொலைக் கதை என்ற மூடிக்கு அடியில் படம் சொல்ல வந்தது அதைத்தான்.

படம் 1946இல் வந்தது. இயக்கியவர் சிட்னி கில்லியட். திரைக்கதையை அவரும் கிளாட் கர்னியும் எழுதினார்கள். தயாரித்தவர்கள் கில்லியட்டும் அவருடைய நெடுநாள் கூட்டாளி ஃபிராங்க் லாண்டரும். போர்க்காலத்தில் ராணுவத்தின் திரைப்படப் பிரிவுகள் குடியிருந்த பைன்வுட் ஸ்டூடியோ போருக்குப் பிறகு மறுபடி கதைப் படங்களுக்குத் திறந்தபோது அங்கே முதலில் எடுக்கப்பட்ட படம் இது. மருத்துவமனை, தோட்டம், இரவு, நிலவு எல்லாம் அரங்குக்குள் கட்டப்பட்டவை. ஒளிப்பதிவாளர் வில்கி கூப்பரின் நிழல்கள் அவ்வளவு அடர்த்தியாக விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். காற்றும் வெயிலும் நுழைய முடியாத இடம் அது.

மூல நாவலை எழுதியவர் கிறிஸ்டியானா பிராண்ட். மலாயாவில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் சில காலம் இந்தியாவில் வளர்ந்தவர். பிற்காலத்தில் குழந்தைகளுக்காக அவர் எழுதிய 'நர்ஸ் மட்டில்டா' கதைகளே 2005இல் 'நானி மெக்ஃபீ' என்ற படமானது. அவருடைய கணவர் ஓர் அறுவை மருத்துவர். அறுவை அரங்கின் பழக்கவழக்கம், யார் எங்கே நிற்பார்கள், யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற ஒழுங்கெல்லாம் நாவலில் துல்லியமாக இருப்பதற்கு அந்த வீட்டுச் சூழல் உதவியிருக்க வேண்டும்.

நாவல் வெளியானது 1944இல். அதன் களம் ராணுவ மருத்துவமனை. காலம், லண்டன்மேல் இரவிரவாகக் குண்டு விழுந்த பிளிட்ஸ் காலம். கில்லியட் இரண்டையும் மாற்றினார். ராணுவ மருத்துவமனை, குடிமக்களுக்கான அவசரகால மருத்துவமனை ஆயிற்று. பிளிட்ஸ் போய் வி-1 வந்தது. திரைக்கதை வசதிக்காகச் செய்த சிறு மாற்றமாக இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. படத்தின் அர்த்தமே இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

பிளிட்ஸ் காலத்துக்கு அதற்குள் ஒரு புனிதம் வந்துவிட்டிருந்தது. அடுத்தடுத்து அடி விழுந்தும் அசையாத லண்டன், சுரங்க ரயில் நிலையங்களில் ஒன்றாகப் படுத்த ஏழையும் பணக்காரரும் என்ற சித்திரத்தைப் பத்திரிகையும் வானொலியும் சினிமாவும் சேர்ந்து கட்டியிருந்தன. 1944 கோடைக்கு அந்தப் பெருமை இல்லை. ஜூன் 6இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கிவிட்டன. போர் முடியப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஜூன் 13இல், முதல் வி-1 வந்து விழுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஏவுதளங்கள் கைப்பற்றப்படும்வரை இரவும் பகலும் பார்க்காமல் வந்துகொண்டிருந்தன. லண்டனுக்குப் போகும் வழியில் இருந்த கென்ட் மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை விழுந்தன. மொத்தத்தில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் ஏறக்குறைய 18,000 பேர். ஐந்து வருடம் தாங்கியவர்களுக்குக் கரை தெரிகிற நேரத்தில் வந்த அடி இது. முகம் தெரியாத எதிரியிடம் கோபப்படலாம். வி-1இல் உட்கார்ந்து ஓட்டிவர ஆள்கூடக் கிடையாது. யாரைத் திட்டுவது?

அந்தச் சோர்வு இந்தப் படத்தின் ஒவ்வொரு முகத்திலும் படிந்திருக்கிறது. டாக்டர்களும் நர்ஸ்களும் தூங்கி நாளாயிற்று. காதலும் பொறாமையும் பழைய தவறுகளும் ஒரே கூரைக்குக் கீழே புழுங்குகின்றன. போர் தொடங்குமுன்பே பிரிட்டிஷ் அரசு வகுத்த அவசரகால மருத்துவத் திட்டத்தின்படி நாடெங்கும் மருத்துவமனைகள் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. நாட்டுப்புற மாளிகைகளில் கட்டில்கள் போடப்பட்டன. நகரத்து மருத்துவர்கள் வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். படத்தின் ஹெரன்ஸ் பார்க் அப்படி உருவான இடம். சுதந்திரமாகத் தொழில் செய்த அறுவை மருத்துவரும், நேற்றுவரை வேறு வேலை செய்துகொண்டிருந்த பெண்ணும் ஒரே வார்டில் வேலை பார்த்தார்கள். பிற்காலத்து தேசிய சுகாதாரச் சேவைக்கு இந்த அனுபவம் ஓர் ஒத்திகையாக அமைந்தது. அதற்கான சட்டம் 1946 நவம்பர் 6இல் ஒப்புதல் பெற்றது. அரசு மருத்துவமனையை நம்பி உடம்பை ஒப்படைக்கலாமா என்று ஒரு நாடே யோசித்துக்கொண்டிருந்த அதே பருவத்தில் திரைக்கு வந்த படம் இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி நான் கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. புதிரைக் கெடுத்துக்கொள்ள விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

ஹிக்கின்ஸ் இறந்தபோது அறுவை அரங்கில் இருந்தவர்கள் ஆறு பேர். அறுவை மருத்துவர் ஈடன் (லியோ ஜென்), மயக்க மருந்து கொடுக்கும் பார்னஸ் (டிரெவர் ஹோவர்ட்), சிஸ்டர் பேட்ஸ் (ஜூடி கேம்ப்பெல்), நர்ஸ்கள் ஃபிரெட்டி லின்லி (சாலி கிரே), எஸ்தர் சான்சன் (ரோசமண்ட் ஜான்), வுட்ஸ் (மெக்ஸ் ஜென்கின்ஸ்). தொடக்கத்திலேயே காக்ரில்லின் குரல் இவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தி, இவர்களில் சிலர் சாகப்போகிறார்கள், ஒருவர் கொலையாளி என்று சொல்லிவிடுகிறது. எல்லாருக்கும் முகமூடி. கண்கள் மட்டும் தெரிகின்றன. துப்பறியும் கதையில் எல்லாரும் முகமூடி போட்டவர்கள் என்பது பழைய உருவகம். இங்கே அது அன்றாட உடை.

முதலில் பழி பார்னஸ்மேல் விழுகிறது. அவருடைய கையில் முன்பும் ஒரு நோயாளி மயக்கத்திலேயே இறந்திருக்கிறார். ஒரு விருந்தில், காதலில் ஏமாந்து மனம் வெந்துபோன சிஸ்டர் பேட்ஸ், ஹிக்கின்ஸைக் கொன்றிருக்கிறார்கள், ஆதாரம் தன்னிடம் இருக்கிறது என்று கத்துகிறார். அன்றிரவே இருண்ட அறுவை அரங்கில் குத்துப்பட்டுச் சாகிறார். அதற்குப் பிறகுதான் காக்ரில் வருகிறார்.

கொலை செய்த விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அக்கால பிரிட்டிஷ் மயக்க மருந்து இயந்திரங்களில் பரவலாக இருந்தது, லண்டன் மருத்துவர் ஹென்றி பாயில் 1917இல் வடிவமைத்த இயந்திரத்தின் வழிவந்த வகை. ஒரு சட்டத்தில் நைட்ரஸ் ஆக்சைடு, ஆக்சிஜன் சிலிண்டர்கள் மாட்டப்பட்டிருக்கும். கூடவே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் இருக்கும் என்பது இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் மூச்சாக வெளியே விடும் கழிவு அது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு சற்றுக் கூடினால் மூச்சு வேகமாகும். அதனால், மயக்கத்தில் மூச்சு மந்தமாகிப் போகிறவரைத் தூண்ட, ஆக்சிஜனோடு சிறிதளவு அதைக் கலந்து கொடுப்பது அன்றைய வழக்கம். ஆகவே உயிர் தருகிற வாயுவும் உயிர் எடுக்கக்கூடிய வாயுவும் ஒரே இயந்திரத்தில் அருகருகே தொங்கின. வித்தியாசம் நிறத்தில் மட்டும். பிரிட்டனில் அன்று ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு, தோள்பட்டை மட்டும் வெள்ளை. கார்பன் டை ஆக்சைடு பச்சை. ஒரு பச்சை சிலிண்டருக்குக் கறுப்பும் வெள்ளையும் அடித்துவிட்டால்?

அதுதான் நடந்தது. நோயாளியின் முகம் நிறம் மாறும்போது மயக்க மருத்துவர் என்ன செய்வார்? ஆக்சிஜனைக் கூட்டுவார். கூட்டக் கூட்டச் சாவு விரைவாக வரும். காப்பாற்றத் துடிக்கும் கையையே கொலைக் கருவியாக்கிய திட்டம் இது. பார்னஸ் தன் கடமையைச் செய்ததால்தான் ஹிக்கின்ஸ் செத்தார். துப்பறியும் இலக்கியத்தில் எத்தனையோ சாமர்த்தியமான கொலைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வாசகரின் மூளையோடு மட்டும் விளையாடுபவை. இது அடிவயிற்றில் இறங்குகிறது. மயக்கத்துக்கு முந்தைய அந்தக் கணத்தில் எந்த நோயாளிக்கும் நம்பிக்கையைத் தவிர வேறு துணை கிடையாது. கொலையாளி அதைத்தான் வண்ணம் பூசிக் கெடுத்துவிட்டார். (அமெரிக்காவில் ஆக்சிஜன் சிலிண்டரின் நிறமே பச்சை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே படம் ஓடியபோது தலைப்பு மருத்துவமனைக்காரர்களைக் குழப்பியிருக்கும்.)

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. போர் மூளுமோ என்ற 1938 செப்டம்பர் நெருக்கடியின்போதே பிரிட்டனில் சுமார் 3 கோடியே 80 லட்சம் வாயுக் கவசங்கள் மக்களுக்கு வழங்கப்பட்டன. முதல் உலகப்போரின் நச்சுவாயு நினைவு அந்தத் தலைமுறையை விட்டு நீங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் கவசத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். கைக்குழந்தைகளுக்குத் தனி வடிவம் செய்தார்கள். ஆனால் போர் முழுவதிலும் வானிலிருந்து நச்சுவாயு வரவேயில்லை. இந்தப் படத்தில் வாயு வருகிறது, எதிரியிடமிருந்து அல்ல. முகத்தில் மூடியை வைத்து, நீளமாக மூச்சை இழுக்கச் சொல்லும் கனிவான குரலோடு வருகிறது. பிறகு ஒரு நர்ஸ் தங்கிய வீட்டிலும் எரிவாயு கசிந்து உயிர் போகும் நிலை வருகிறது. எதற்காக ஏழாண்டு பயந்தார்களோ அது பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அன்றைய பார்வையாளரின் அடிமனதை இது தொடாமல் இருந்திருக்காது.

கற்பனைதானே என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அக்கால லண்டனின் குற்றப் பதிவேடு இருக்கிறது. போர்க்காலத்தில் மக்கள் ஒன்றாக நின்றார்கள் என்பது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறை பதிவுசெய்த குற்றங்கள் 1939இல் சுமார் 3 லட்சமாக இருந்து 1945இல் சுமார் 4 லட்சத்து 78 ஆயிரம் ஆயின என்பதும் உண்மை. இருட்டடிப்பு திருடனுக்கும் கொலைகாரனுக்கும் உதவியது. விமானப்படையைச் சேர்ந்த கார்டன் கம்மின்ஸ் 1942 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் நான்கு பெண்களைக் கொன்றான். ஜூன் மாதம் தூக்கிலிடப்பட்டான்.

ஹாரி டாப்கின் வழக்கு இன்னும் நெருக்கமானது. பிரிந்து வாழ்ந்த மனைவியை 1941இல் கொன்று, தெற்கு லண்டனில் குண்டுவீச்சில் சிதைந்த ஒரு தேவாலயத்தின் கற்பலகைக்கடியில் புதைத்தான். அடுத்த கட்டடத்தில் அவனுக்குத் தீக்காவல் வேலை. என்றாவது எலும்பு வெளிப்பட்டாலும், குண்டில் செத்த யாரோ ஒருவர் என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவன் கணக்கு. 1942 ஜூலையில் இடிபாட்டை அகற்றிய தொழிலாளர்கள் உடலைக் கண்டபோது முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. குரல்வளைக் குருத்தெலும்பின் முறிவு கழுத்து நெரிக்கப்பட்டதைக் காட்டியது. பல் மருத்துவக் குறிப்புகள் பெயரைக் கொடுத்தன. 1943 ஜனவரியில் டாப்கின் தூக்கிலேறினான். ஆயிரக்கணக்கான சாவுகளுக்குள் ஒரு சாவை ஒளித்துவைக்கலாம் என்று போர் சொல்லிக்கொடுத்திருந்தது. ஒரு மருத்துவர் அதை மறுத்து, அந்த எலும்புகளுக்குரிய பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். துப்பறியும் கதையின் அறம் என்று ஒன்று இருக்குமானால் இதுவே அது.

படத்தின் கதை நடப்பதாகச் சொல்லப்படும் நாட்களிலிருந்து இரண்டு மாதத்துக்குள், 1944 அக்டோபரில், ஜான் கிறிஸ்டி தன் உடன் வேலைசெய்த ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்தான். மார்புச் சளிக்குக் கைகண்ட மருந்து என்று ஒரு புட்டியில் ஆவி பிடிக்கச் சொன்னான். அந்தக் குழாயில் சமையல் எரிவாயுவும் கலந்து வந்தது. அவள் மயங்கியதும் கொன்றான். போர்த் தொடக்கத்தில் கிறிஸ்டி துணைக் காவலராகச் சீருடை போட்டிருந்தவன். அவன் செய்தவை 1953இல்தான் வெளிப்பட்டன. ஆகவே பிராண்டுக்கோ கில்லியட்டுக்கோ அது தெரிந்திருக்க வழியில்லை. மருந்து என்று சொல்லி முகத்தில் வாயுவை வைக்கும் கை பிராண்டின் நாவலில் வெளிவந்த அதே ஆண்டில் அது நிஜத்திலும் இருந்தது. எனக்கு இது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. உதவிக்கு வருபவர் எல்லாரையும் நம்பியே வாழவேண்டிய கட்டாயத்தில் ஒரு சமூகம் இருக்கும்போது, அந்த நம்பிக்கையைத் திருடுவதே மிகச் சுலபமான குற்றமாகிறது.

1946 பிப்ரவரியில் ஜார்ஜ் ஆர்வெல் 'டிரிப்யூன்' இதழில் ஆங்கிலேயக் கொலையின் வீழ்ச்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1944 அக்டோபரில் அமெரிக்க ராணுவத்திலிருந்து ஓடிவந்த ஒருவனும் பதினெட்டு வயதுப் பெண்ணும் சேர்ந்து நடத்திய கொலையை எடுத்துக்கொண்டு, பழைய குடும்பக் கொலைகளில் ஆழ்ந்த உணர்ச்சி இருந்தது, போர்க்காலக் கொலையில் வெறுமைதான் இருக்கிறது என்ற பொருளில் வாதிட்டார். ஆர்வெல் சொன்னதில் பாதி சரி. மறுபாதிக்கு அதே ஆண்டு வந்த இந்தப் படம் பதில் சொல்கிறது. இங்கே கொலைக்குப் பின்னால் கரைகாணாத உணர்ச்சி இருக்கிறது. அந்த உணர்ச்சியை உண்டாக்கியதே போர்.

கொன்றவர் நர்ஸ் எஸ்தர் சான்சன். அவர் தாய் குண்டுவீச்சில் இடிபாட்டுக்குள் சிக்கி இறந்தவர். மீட்கப்போன குழுவில் ஹிக்கின்ஸ் இருந்தார். தாயைக் காப்பாற்றாமல் சாகவிட்டவர் என்று எஸ்தரின் மனம் அவர்மேல் தீர்ப்பெழுதிவிட்டது. ஆளில்லாத குண்டின்மேல் பழிவாங்க முடியாது. கையில் விளக்கோடும் மண்வெட்டியோடும் வந்த கிழவர்தான் எட்டும் தூரத்தில் இருக்கிறார்.

இந்த இடத்தில் படம் செய்திருக்கும் ஒரு காரியத்துக்காக நான் கில்லியட்டை மதிக்கிறேன். நர்ஸ் வுட்ஸுக்கு ஒரு ரகசியம் உண்டு. அவருடைய இரட்டைச் சகோதரி ஜெர்மனியில் இருந்துகொண்டு நாஜி வானொலியில் பிரிட்டனுக்கு எதிராகப் பேசுகிறவர். வுட்ஸின் குரலைக் கேட்டதும் ஹிக்கின்ஸுக்கு எங்கோ கேட்ட நினைவு வருகிறது. நாஜி வானொலியில் பேசி 'லார்ட் ஹா-ஹா' என்ற பட்டப்பெயரில் அறியப்பட்ட வில்லியம் ஜாய்ஸ் 1946 ஜனவரி 3இல்தான் லண்டனில் தூக்கிலிடப்பட்டிருந்தான். அந்தக் குரலை இரவிரவாகக் கேட்டு வெறுத்திருந்த பார்வையாளருக்கு, வுட்ஸ்தான் குற்றவாளி என்று நம்புவது எவ்வளவு எளிது! போர் நடந்துகொண்டிருந்தபோது இதே கதையைப் படமாக்கியிருந்தால் அவரே கொலையாளியாக ஆகியிருப்பார். 1942இல் வந்த 'வென்ட் த டே வெல்?' படத்தில் கிராமத்துப் பெரிய மனிதரே எதிரியின் உளவாளி; அது அன்றைய தேவை. 1946இல் கில்லியட் அந்தக் கதவைத் திறந்து காட்டிவிட்டு மூடுகிறார். துரோகியின் இரத்த உறவு நிரபராதி. தாயை இழந்த, கடமை தவறாத, எல்லாரும் இரக்கப்படும் பெண்தான் கொலையாளி. உளவாளிகள் போய்விட்டார்கள், மீதி இருப்பது நாம்தான் என்று படம் சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதே லாண்டரும் கில்லியட்டும் 1943இல் 'மில்லியன்ஸ் லைக் அஸ்' எடுத்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. விமானத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகும் சாதாரணப் பெண்களைப் பற்றிய பரிவான படம் அது. கணவனை இழந்த இளம்பெண் தோழிகளோடு சேர்ந்து பாடும்போது துயரம் கூட்டத்தில் கரைகிறது. மூன்று வருடம் கழித்து அவர்களே எஸ்தரைப் படைத்தார்கள். கரையாத துயரமும் உண்டு என்பதைச் சொல்ல அவர்களுக்குப் போர் முடியவேண்டியிருந்தது.

காக்ரில்லுக்கு வருகிறேன். நாவலில் அவர் குள்ளமான கிழவர். படத்தில் நெடிய உருவமும் வழுக்கைத் தலையும் உருளும் கண்ணுமாக அலஸ்டேர் சிம். எடின்பரோவில் பேச்சுக்கலை கற்பித்தவர். ஒவ்வொரு சொல்லையும் சுவைத்து உமிழத் தெரிந்தவர். எல்லாரையும் சந்தேகப்பட்டு மகிழும் காக்ரில், தலைக்கு மேலே வி-1 படபடத்தால் மற்றவர்களுக்கு முன்னால் குனிந்து ஒளிகிறார். படுக்கையில் துப்பறியும் நாவல் படிக்கிறார், கொலையாளி யாரென்று ஊகித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறார், ஊகம் தப்பு. அரங்கு சிரிக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு முன்னறிவிப்பு.

முடிவில், அதே அரங்கில் அதே ஆட்களை வைத்து இன்னோர் அறுவை சிகிச்சையை நடத்திக்காட்டி எஸ்தரைச் சிக்கவைக்கிறார். எஸ்தர் முன்பே விஷம் குடித்துவிட்டிருக்கிறார். ஈடன் அதைப் புரிந்துகொண்டு மாற்று மருந்தை ஊசியில் ஏற்றி ஓடிவருகிறார். காக்ரில் அதை இன்னொரு கொலை முயற்சியாக எண்ணித் தடுத்துவிடுகிறார். எஸ்தர் சாகிறார். இன்ஸ்பெக்டரின் தவறால் சாகிறார். ஹிக்கின்ஸை பார்னஸின் கடமையுணர்வு கொன்றதுபோல, எஸ்தரை காக்ரில்லின் கடமையுணர்வு கொல்கிறது. படம் முழுவதும் நாம் கேட்டுவந்த குரல், மேலதிகாரிக்கு அவர் எழுதும் அறிக்கை என்பதும், அது ராஜினாமாவில் முடிகிறது என்பதும் கடைசியில் தெரிகின்றன. அந்த ராஜினாமா ஏற்கப்படாது என்ற நம்பிக்கையையும் அவர் சேர்த்தே எழுதுகிறார். உண்மையைக் கண்டுபிடித்தவரும் கறை படியாமல் வெளியே போக முடியவில்லை. அகதா கிறிஸ்டியின் நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் வரவேற்பறை மறுபடி ஒழுங்காகும். இங்கே அப்படி எதுவும் ஒழுங்காகவில்லை.

நடிகர்களைப் பற்றி இரண்டு செய்திகள். ஈடனாக நடித்த லியோ ஜென் தொழிலால் வழக்கறிஞர். போரில் பீரங்கிப் படை அதிகாரி. 1945இல் பெல்சன் வதைமுகாம் குற்றங்களை விசாரித்த பிரிட்டிஷ் குழுவில் பணியாற்றி, அந்த வழக்கில் அரசுத் தரப்புக்கு உதவியவர். மருத்துவமனை என்ற பெயராலும் கொலை நடக்க முடியும் என்பதை ஆவணங்களில் படித்துவிட்டு வந்த மனிதர், அடுத்த வருடம் அறுவை மருத்துவரின் முகமூடியை மாட்டிக்கொண்டார். அவர் பார்வையில் இருக்கும் அந்தக் களைப்பு முழுவதும் நடிப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை. ஹிக்கின்ஸாக வரும் மூர் மேரியட், வில் ஹேயின் நகைச்சுவைப் படங்களில் பொக்கைவாய்க் கிழவராக வந்து, நாடே பார்த்துச் சிரித்த முகம். அவரை முதல் பலியாக்கியது கில்லியட்டின் துணிச்சல். யாரோ ஒரு தபால்காரர் என்று எந்தப் பார்வையாளரும் கடந்துபோயிருக்க முடியாது. தெரிந்த தாத்தா செத்துப்போன மாதிரி இருந்திருக்கும்.

குறை இல்லாத படமல்ல. ஈடன், பார்னஸ், ஃபிரெட்டி காதல் முக்கோணம் நடுவில் கதையை இழுத்துப்பிடிக்கிறது. சாலி கிரேக்கு அழகைத் தவிர வேறு வேலை குறைவு. எஸ்தரின் துயரத்துக்குக் கடைசி நிமிடங்களில் அவசர விளக்கம் கொடுப்பதற்குப் பதில் முன்பகுதியில் இன்னும் இரண்டு காட்சிகள் ஒதுக்கியிருந்தால் அவர் சாவு இன்னும் கனமாக விழுந்திருக்கும். ஆனால் இந்தக் குறைகளோடேயே, பிரிட்டனின் போர்க்கால ஊர்வாழ்க்கையைப் பற்றி நூறு செய்திப்படங்கள் சொல்லாத ஒன்றை இது சொல்லிவிடுகிறது: இடிபாட்டிலிருந்து வெளியே எடுக்கப்படாதவர்களை உயிரோடிருந்தவர்கள் எங்கே சுமந்தார்கள் என்று.

நிறத்தை மட்டும் நம்பிய அந்த ஏற்பாடு படத்துக்குப் பிறகு நெடுநாள் நீடிக்கவில்லை. 1950களில் ஊசித்துளைப் பாதுகாப்பு முறை வந்தது. ஒவ்வொரு வாயுவின் சிலிண்டர் கழுத்திலும் இரண்டு துளைகள் வேறு வேறு இடத்தில் துளைக்கப்பட்டன. இயந்திரத்தில் அதற்கு நேராக இரண்டு ஊசிகள். ஆக்சிஜனுக்கு இரண்டாவது, ஐந்தாவது இடங்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு முதலாவது, ஆறாவது. பச்சை சிலிண்டருக்கு என்ன வண்ணம் பூசினாலும் ஆக்சிஜனின் இடத்தில் இனி அது உட்காராது.